பன்னிரண்டாம் நம்பர் இருக்கார்

செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. வியாழன் முதியோர் வட்டத்து மினி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்காருகிறாரே லிஃப்ட் மெக்கானிக், அவருடைய மகள் நான். உங்கள் விலாசத்தை அப்பாவிடம்தான் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். நன்றி சொல்ல என்றேன். அது பாதிதான் உண்மை. போன் நம்பர் கேட்டதற்கு, "அந்தம்மாவுக்கு போன்னாலே ஆகாது, லெட்டர் போடு" என்றார்.

நான் இருப்பது ரொம்பத் தூரத்தில். பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல்லை ராவிக்கொண்டிருப்பேன். வருஷத்துக்கு ஒரு முறைதான் விடுப்பு. அம்மா போன பிறகு அப்பா ஒண்டியாக இருக்கிறார். முதல் வருஷம் அவர் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் பேப்பர் போடுகிறவர் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நான்தான் வற்புறுத்தி வட்டத்தில் சேர்த்தேன். "கிழவன் கிழவிகளோட பஸ்ல போய் நான் என்ன பண்ணப்போறேன்?" என்று முறுக்கிக்கொண்டவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பக்கத்து சீட் அம்மா இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சிரிச்சாங்க என்று உங்கள் புராணமாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் சொல்லிவிட்டார். புது இடத்தில் வழி தடுமாறும். இன்றைக்கு என்ன கிழமை என்று இரண்டு தடவை கேட்பார். வட்டத்தில் சேரும் படிவத்தில் 'ஞாபக மறதி உண்டா' என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்று எழுதினேன். உண்டு என்றால் சேர்க்க மாட்டார்களாம். நீங்கள் ஒருவர் மட்டும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும்.

முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கேட்பது தப்புதான். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
அவருடைய மகள்

செப்டம்பர் 21

அன்புள்ள லிஃப்ட்காரர் மகளுக்கு,

'நீங்கள்' போட்டு எழுத எனக்கு வராது, 'நீ' என்றே எழுதுகிறேன். உன் அப்பா உன்னைப் பற்றிப் பேசுகிற பேச்சில் நீ எனக்குப் பத்து வருஷமாகத் தெரிந்தவள் மாதிரிதான்.

போன் விஷயம் இதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது காது போயே போய்விட்டது. வலது காதை உயிரோடு இருக்கிற மனிதர்களுக்காக வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்த வலது காதுக்கும் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த வட்டத்தில் நானாகப் போய்ச் சேர்ந்தேன். உன் அப்பா மாதிரி முறுக்கெல்லாம் இல்லை.

வட்டம் எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு நூலக வாசலில் கூடுவோம். மொத்தம் இருபத்திரண்டு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ரிடையர் ஆனாலும் கழுத்தில் விசில் தொங்குகிறது. எங்களுக்கெல்லாம் நம்பர் போட்ட அட்டை கொடுத்திருக்கிறார். கிளம்புகிற ஒவ்வொரு இடத்திலும் விசில் ஊதி, நோட்டைப் பார்த்து நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். நான் பதினொன்று, உன் அப்பா பன்னிரண்டு. அப்படித்தான் பக்கத்து சீட் ஆனோம்.

முதல் நாள் உன் அப்பா பேசவே இல்லை. மியூசியத்தில் லிஃப்ட் வந்து நின்றதும், "கயிறு தேஞ்சிருக்கு, ஏறாதீங்க" என்றார். இருபத்திரண்டு பேரும் மூன்று மாடியை மூச்சிரைக்கப் படியில் ஏறினோம். டிரில் மாஸ்டர் அவரைக் கொன்று போடுகிற மாதிரி பார்த்தார். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

பதினொன்றாம் நம்பர்

அக்டோபர் 15

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்தேன். பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் போனில் சொன்னார். பஸ் கிளம்புகிற நேரத்தில் அவர் வரவில்லை என்று எல்லாரும் காத்திருந்தார்களாம். ஓடி வந்து ஏறியதும் யாரோ, "வந்துட்டார்யா பாத்ரூம் இன்ஸ்பெக்டர்" என்றாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு. இனிமேல் போகவில்லை என்கிறார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
மகள்

நவம்பர் 2

அன்புள்ள மகளே,

போய் இரண்டு அதட்டு அதட்டினேன், வந்துவிட்டார். பாத்ரூம் விஷயத்துக்கும் வழி பண்ணியாயிற்று.

எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஹாலில் பதினெட்டு சீட். மேற்பார்வை அம்மா ஒருத்தி மணிக்கொரு தரம் தூரத்தில் உட்கார்ந்தபடியே நம்பர் கூப்பிடுவாள். எழுந்து போக வேண்டுமென்றால் அவளிடம் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், எதற்குப் போகிறோம் என்பது உட்பட. எந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கும்? அதனால் ஒருத்தி எழுந்துபோனால் பக்கத்தில் இருப்பவள் அவளுக்கும் சேர்த்து, "இருக்கா" என்று குரல் கொடுத்துவிடுவாள். தலையைக் கூடத் தூக்கமாட்டோம். போனவள் நைசாக வந்து உட்கார்ந்துகொள்வாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருத்தி மாட்டியதில்லை.

அதையேதான் இங்கேயும் செய்கிறேன். "பன்னிரண்டு" என்றதும் நான், "இருக்கார்" என்கிறேன். மாஸ்டர் முன்னால் நின்று நோட்டில் டிக் போடுகிறார், பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டும் முடிவதற்குள் உன் அப்பா பின்படி வழியாக ஏறி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். பாத்ரூம் இன்ஸ்பெக்டர் பேச்சு அதோடு போயிற்று. என் தொழில் ரகசியம் இத்தனை வருஷம் கழித்துப் பயன்படுகிறதே என்று எனக்கும் ஒரு பெருமை.

பதினொன்று

நவம்பர் 24

அன்புள்ள அம்மா,

நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படியே செய்துகொண்டிருங்கள்.

மகள்

டிசம்பர் 20

அன்புள்ள மகளே,

இந்தத் தடவை என் கதை கொஞ்சம். பஸ்ஸில் முன் சீட் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஹெட் நர்ஸாக இருந்த ஒரு அம்மாவும் ஒரு தையல்காரம்மாவும்தான் அதற்குத் தலைமை. போகும்போதும் வரும்போதும் மடியில் பலகை போட்டு ரம்மி ஆடுவார்கள். அவர்கள் சிரிப்பு பின்னால் வரைக்கும் கேட்கும். இத்தனை மாதமாக என்னைத் திரும்பிப் பார்க்காதவர்கள், போன தடவை, "என்ன, எக்ஸ்சேஞ்சு, உங்களுக்குச் சீட்டாடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சொல்லித் தருகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஈயென்று இருந்தது. அறுபத்தெட்டு வயதில் இது தேவையா என்று கேட்டுக்கொண்டேன். தேவையாகத்தான் இருக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். செடிக் கண்காட்சியில் மட்டும் ஒரு முறை வேறு கூட்டத்தோடு நடந்துபோய்விட்டார். நான் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீ இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

பதினொன்று

ஜனவரி 30

அம்மா,

அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டு நேற்றுத் திரும்பி வந்தேன். பட்டறையில் ஒன்பது நாள்தான் கொடுத்தார்கள். அங்கே இருந்தபோது உங்களைத் தேடினேன். கடைசி வரிசையில் நின்றதாகவும் உடனே போய்விட்டதாகவும் சொன்னார்கள். ஏன் என்னிடம் வரவில்லை?

எனக்குக் கிடைத்த விவரம் இவ்வளவுதான். ஜனவரி 16 வியாழக்கிழமை எல்லாரையும் அணைக்கட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். மாலை நாலரைக்கு பஸ் கிளம்பியது. அப்பா அதில் இல்லை. அது யாருக்கும் தெரியவில்லை. மலை மேல் அந்த ராத்திரிக் குளிரில், பூங்கா கேட்டுக்கு வெளியே கல் பெஞ்சில் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கூட்ட வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். சட்டைப்பையில் அந்த அட்டை மட்டும் இருந்ததாம்.

டிரில் மாஸ்டர் மேல் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு பேரை எண்ணத் தெரியாதவருக்கு விசில் எதற்கு?

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?

பிப்ரவரி 11

அன்புள்ள மகளே,

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் போய்விட்டேன், தப்பாக நினைக்காதே.

அன்றைக்கு அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். படகுத்துறையில் மோட்டாரைப் பார்த்துவிட்டுப் படகுக்காரரிடம் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். காற்று ரொம்ப அடித்தது. கிளம்புகிற நேரத்தில் ஒரே சந்தடி. மாஸ்டர் வழக்கம்போல நம்பர் கூப்பிட்டார். எண்ணிக்கை சரியாக இருந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தோம். நூலக வாசலில் இறங்கியதும் அவரவர் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அதையும் நீ யோசிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிப்ரவரி 23

அம்மா,

மாஸ்டர் கெட்டவரா நல்லவரா என்று நான் கேட்கவில்லை.

போலீஸிலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். நோட்டில் பன்னிரண்டாம் நம்பருக்கு டிக் இருக்கிறது. "இருக்கார்னு குரல் வந்துச்சு, அதனாலதான் டிக் போட்டேன்" என்று அந்த ஆள் சொல்கிறாராம். யார் குரல் என்று கேட்டால் தெரியவில்லையாம். தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்று போலீஸ் நினைக்கிறது. மார்ச் 24 விசாரணை. ஜெயிலுக்குப் போவார் என்கிறார்கள். போகட்டும்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குரல் வந்ததா, இல்லையா? நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் என் மேஜை மேல் இருக்கிறது. அதைப் பத்து தடவை படித்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் காலி சீட்டைப் பார்த்திருப்பீர்கள், அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன்.

மார்ச் 5

மகளே,

அந்தக் குரல் என்னுடையதுதான்.

முழுவதையும் எழுதிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் திரும்ப எழுத வராது.

நான் பக்கத்தில் இல்லை. அன்று மதியமே ஹெட் நர்ஸ், "திரும்பும்போது முன்னாடி வந்து உக்காருங்க, ஆட்டம் போடலாம்" என்று சொல்லியிருந்தார். உன் அப்பாவிடம் சொன்னேன். "போங்க போங்க, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். கிளம்பும் முன்னால் அவர் படகுத்துறைப் பக்கம் பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்தேன். நான் முன்படியில் ஏறிவிட்டேன்.

மடியில் பலகை வைத்துச் சீட்டுப் போட்டார்கள். ஆட்டம் தெரியாத எனக்கே அன்று நல்ல கை வந்திருந்தது. மாஸ்டர் விசில் ஊதினார். பதினொன்று என்றார், இருக்கேன் என்றேன். பன்னிரண்டு என்றார். நான் சீட்டைப் பார்த்தபடியே, "இருக்கார்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. பின்படியில் ஏறிவிடுவார், எப்போதும் ஏறுகிறவர்தானே என்றுகூட நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை, அதுதான் உண்மை. வாய் தானாகச் சொல்லிற்று. கதவு மூடிக்கொண்டது.

ஒன்றரை மணி நேர வழி. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். நூலக வாசலில் இறங்கும்போது ஹெட் நர்ஸ், "வாங்க, வீட்ல ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்படியில் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, உன் அப்பா மியூசியத்து லிஃப்டைப் பற்றிச் சொன்ன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். அந்த நேரத்தில் அவர் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம். போலீஸ் பயம் இல்லை. இந்த வயதில் கிடைத்த நாலு சிநேகிதமும் போய்விடுமே என்ற பயம். அதற்காக ஒரு நல்ல மனிதரை ஏழு வாரம் திருடனைப் போல ஸ்டேஷனுக்கு நடக்கவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

24ஆம் தேதி நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மன்னிப்பு கேட்கத் தகுதி இல்லை, கேட்கவும் இல்லை.

மார்ச் 17

அன்று டீ குடித்தீர்கள். எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2

மகளே,

நீ படிப்பாயா என்று தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததை உனக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

விசாரணை அறை சின்னது. பழைய மின்விசிறியின் சத்தத்தில் எனக்குக் கேள்விகள் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அதிகாரி கொஞ்ச வயசுக்காரர். "ஏம்மா, அவர் வராமலே இருக்கார்னு சொல்வீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எக்ஸ்சேஞ்சு வழக்கத்தைச் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. சத்தமாகச் சொல்லும்போது எனக்கும் அது புரியாத மாதிரிதான் இருந்தது.

மாஸ்டரை விட்டுவிட்டார்கள். வெளியே வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியும்மா, அந்தக் குரல் யாருதுன்னு" என்றார். "ஏன் சொல்லல?" என்றேன். "நான் திரும்பிப் பார்த்திருக்கணும். இத்தனை மாசமா ஒரு தடவைகூடப் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். என்னை என்ன செய்வது என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். வயதைப் பார்த்து விட்டுவிடலாம் என்கிறார்கள். விடாமல் இருந்தாலே எனக்கு நல்லது.

வட்டம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள், சீட் சீட்டாக நடந்துபோய்த் தோளைத் தொட்டு எண்ணுகிறாராம். ஹெட் நர்ஸ் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருந்தா நல்லது, மத்தவங்க பயப்படறாங்க" என்றார். தையல்காரம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

இன்னும் ஒன்று. அவருக்கு மறதி இருந்தது யாருக்காவது முன்பே தெரியுமா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மகளுக்குத் தெரியுமா என்றார். தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தூர தேசத்தில் இருக்கிறாள் என்றேன். உன் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஏப்ரல் 26

அம்மா,

படித்தேன். எல்லாவற்றையும் படிக்கிறேன்.

எனக்காக நீங்கள் எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது நான்தான் என்றும், டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும் என்றும், உங்களிடம் மறைக்கச் சொன்னதும் நானே என்றும் அந்த அதிகாரிக்கு எழுதிவிட்டேன். மாஸ்டருக்கும் தனியாக எழுதினேன். அவரிடமிருந்து பதில் இல்லை. நீங்கள் குரல் கொடுத்தபோது, அப்படியே செய்யுங்கள் என்று எழுதியவளும் நான்தான். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் கூட்டிக் கழிக்க என்னால் முடியவில்லை.

விசாரணைத் தாள்களின் நகல் எனக்கு வந்தது. அதில் பூங்கா காவலாளியின் வாக்குமூலம் ஒரு பக்கம் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். உங்களை வதைக்கத்தான் சொல்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. இருக்கலாம்.

ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டப் போனபோது அப்பா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நல்ல சட்டை, பளபளவென்று ஷூ, பேச்சும் தெளிவாக இருந்ததாம். எழுந்து வெளியே வாருங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் வந்து, வெளியே இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாராம். எங்கே போக வேண்டும், யாருக்காவது தகவல் சொல்லவா என்று காவலாளி கேட்டிருக்கிறார். அப்பா சிரித்தாராம். சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்:

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. எங்க பஸ்ல பக்கத்து சீட் அம்மா ஒருத்தர் இருக்காங்க. நான் ஏறாம வண்டிய எடுக்க விடமாட்டாங்க."

அதற்குப் பிறகு காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இதை நான் ஒருத்தியாக வைத்திருக்க முடியவில்லை. இதில் பாதி உங்களுடையது. பதில் போட வேண்டாம்.